சபையில் யார் சொல்வது செல்லும்? தலைமையும் அதிகாரமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேத வசனத்தில் சந்தேகம் வந்தால் போதகரிடம் கேட்கலாம். போதகர் மேலேயே சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பது? சபைக்குள் இந்தக் கேள்வி பெரும்பாலும் வாசலிலும் தொலைபேசியிலும்தான் பேசப்படுகிறது, கூட்டத்தில் பேசப்படுவதில்லை. அப்படிப் பேசப்படும் கேள்விகளைக் கீழே எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஆயர், பேராயர் என்ற பட்டங்கள் சபைக்குச் சபை வேறு ஆளைக் குறிப்பதால், குழப்பம் வேண்டாம் என்று எல்லா இடத்திலும் பிஷப், போதகர் என்றே எழுதுகிறேன்.

கிறிஸ்தவ சபைகளில் எத்தனை விதமான ஆட்சிமுறை உண்டு?

மூன்று என்று சொல்வது வழக்கம். பிஷப்பின் கையில் ஆளுகை இருப்பது ஒன்று: கத்தோலிக்கம், ஆர்த்தடாக்ஸ், ஆங்கிலிக்கன் (இங்கிலாந்து திருச்சபை மரபு), மெதடிஸ்ட் சபைகளில் பல. மூப்பர்கள் குழுவாக ஆள்வது இரண்டாவது: பிரஸ்பிட்டேரியன், சீர்திருத்தச் சபைகள். சபையார் கூடி வாக்களித்து முடிவெடுப்பது மூன்றாவது: பாப்டிஸ்ட், காங்கிரிகேஷனல் சபைகள்.

இந்தப் பட்டியலில் இடம் கிடைக்காத நான்காவது ஒன்றும் உண்டு. ஒருவர் சபையைத் தொடங்குகிறார், அவரே போதகர், அவரே தலைவர், பொருளாளர் அவருடைய மனைவி அல்லது மைத்துனர். உலகெங்கும் புதிதாக எழும் சபைகளில் ஏராளமானவை இந்த வகைதான்.

நடைமுறையில் எல்லாம் கலந்துதான் கிடக்கின்றன. 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையில் ஆங்கிலிக்கர்கள், மெதடிஸ்டுகள், பிரஸ்பிட்டேரியர்கள், காங்கிரிகேஷனலிஸ்டுகள் என மூன்று முறைகளிலிருந்தும் வந்தவர்கள் ஒன்றாகச் சேர்ந்தார்கள். பிஷப் பதவியை எல்லோரும் ஏற்றார்கள். அதற்கு முன் பிஷப் கை வைக்காமல் அபிஷேகம் பெற்றிருந்த போதகர்களை மறுபடி அபிஷேகம் செய்யாமல் அப்படியே சேர்த்துக்கொண்டார்கள். ஆங்கிலிக்க உலகத்தில் அது பெரிய சலசலப்பை உண்டாக்கியது.

ஒரு சபையின் உண்மையான ஆட்சிமுறை எது என்று தெரிய வேண்டுமானால் பெயர்ப்பலகை உதவாது. தலைவர் பதவிக்கு எப்படி வருகிறார் என்பதும் பாதிதான் சொல்லும். அவரை இறக்குவதற்கு என்ன வழி எழுதி வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

இயேசு இதற்கென்று ஒரு அமைப்பை வகுத்துக் கொடுத்தாரா?

பன்னிரண்டு பேரைத் தெரிந்துகொண்டார். பேதுருவுக்குத் திறவுகோல்களைத் தருவதாகச் சொன்னார் (மத்தேயு 16). கட்டவும் கட்டவிழ்க்கவும் உள்ள அதிகாரத்தை இரண்டு அத்தியாயம் தள்ளி மற்றச் சீஷர்களுக்கும் சொன்னார் (மத்தேயு 18). முதல் இடத்தைக் கத்தோலிக்கர் பிடித்துக்கொண்டார்கள், இரண்டாவதைச் சீர்திருத்தக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். யாக்கோபும் யோவானும் வலப்பக்கமும் இடப்பக்கமும் ஆசனம் கேட்டபோது, புறஜாதிகளின் அதிபதிகள் ஆளுவது போல உங்களுக்குள்ளே இருக்கலாகாது என்றார் (மாற்கு 10). ஆக, பதவிகளின் பட்டியலைவிட, எப்படி ஆளக்கூடாது என்ற தடைதான் தெளிவாகக் கிடைக்கிறது.

ஆட்களை நியமிப்பதிலும் ஒரே முறை இல்லை. யூதாசின் இடத்துக்கு மத்தியா சீட்டுப்போட்டுத் தெரிந்துகொள்ளப்பட்டார். பந்தி விசாரணைக்கான ஏழு பேரைச் சபையார் தெரிந்தெடுத்தார்கள், அப்போஸ்தலர் கை வைத்தார்கள். வேறு ஊர்களில் பவுலும் பர்னபாவும் மூப்பர்களை ஏற்படுத்தினார்கள். மூன்றும் அப்போஸ்தலர் நடபடிகளிலேயே இருப்பதால் யார் வேண்டுமானாலும் தன் முறைக்கு அங்கிருந்து ஆதாரம் காட்டிவிடலாம்.

ஒரு நகரத்துக்கு ஒரு பிஷப் என்ற முறை எப்போது வந்தது?

புதிய ஏற்பாட்டுக் காலத்தில் மூப்பர்கள் பன்மையில்தான் வருகிறார்கள். எபேசுவின் மூப்பர்களை வரவழைத்த பவுல் அவர்களையே கண்காணிகள், அதாவது பிஷப் என்ற சொல்லின் மூலப்பொருளில், என்கிறார் (அப்போஸ்தலர் 20). பிலிப்பியருக்கு எழுதும்போதும் கண்காணிகளுக்கும் உதவிக்காரருக்கும் என்றுதான் எழுதுகிறார்.

சுமார் 96ஆம் ஆண்டில் ரோமச் சபையிலிருந்து கொரிந்துவுக்கு ஒரு நீண்ட கடிதம் போனது. கிளெமெந்துவின் கடிதம் என்று அறியப்படுவது. கொரிந்துச் சபை தன் மூப்பர்களைப் பதவியிலிருந்து தள்ளிவிட்டதுதான் காரணம். குற்றமில்லாமல் ஊழியம் செய்தவர்களை நீக்கியது தவறு என்று கடிதம் கடிந்துகொள்கிறது. சபைச் சண்டை இந்தக் காலத்து நோய் என்று நினைப்பவர்கள் அதை ஒருமுறை படிக்கலாம்.

இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தியோகியாவின் பிஷப் இக்னாத்தியுஸ், ரோமில் மரண தண்டனைக்காகக் காவலர்களோடு கொண்டுபோகப்படும் வழியில் சபைகளுக்குக் கடிதங்கள் எழுதினார். பிஷப் இல்லாமல் எதையும் செய்யாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஒரு பிஷப், அவருக்குக் கீழே மூப்பர்கள், உதவிக்காரர்கள் என்ற மூன்றடுக்கு அங்கே தெளிவாகத் தெரிகிறது. அந்த நூற்றாண்டின் இறுதிக்குள் அது பரவலாகிவிட்டது.

இப்படி ஒரு ஆளைச் சுற்றித் திரள வேண்டிய அவசியம் என்ன? ஊர் ஊராகச் சுற்றிய பிரசங்கிகள் ஒரு காரணம். அதே காலகட்டத்தைச் சேர்ந்த திதாகே என்ற சிறிய கையேடு அவர்களைச் சோதிக்க வழி சொல்கிறது. வருகிற அப்போஸ்தலர் ஒரு நாள் தங்கட்டும், தேவைப்பட்டால் இரண்டு நாள். மூன்று நாள் தங்கினால் கள்ளத் தீர்க்கதரிசி. புறப்படும்போது வழிக்கு அப்பம் மட்டும் கொடுங்கள், பணம் கேட்டால் கள்ளத் தீர்க்கதரிசி. இவ்வளவு கறாரான விதியை எழுத வேண்டுமானால் அதற்கு முன் எத்தனை பேர் ஏமாந்திருப்பார்கள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

போப் சொல்வதெல்லாம் தவறாதது என்பதுதானே கத்தோலிக்கப் போதனை?

இல்லை. 1870 ஜூலை 18 அன்று கத்தோலிக்க பிஷப்புகள் கூடிய முதலாம் வத்திக்கான் சங்கம் வரையறுத்தது மிகக் குறுகலானது. எல்லாக் கிறிஸ்தவர்களுக்கும் மேய்ப்பர் என்ற நிலையில் நின்று, விசுவாசம் அல்லது ஒழுக்கம் பற்றி, முழுச் சபையும் ஏற்க வேண்டியதென்று இறுதியாக அறிவிக்கும்போது மட்டுமே அது பொருந்தும். அதற்குப் பிறகு ஐயத்துக்கிடமின்றி அது பயன்பட்டது ஒரே முறைதான்: 1950 நவம்பர் 1 அன்று மரியாளின் விண்ணேற்பைப் போப் பன்னிரண்டாம் பத்திநாதர் (பயஸ்) அறிவித்தபோது. விமானத்தில் பத்திரிகையாளருக்குச் சொல்லும் பதில் இதில் சேராது.

எல்லோரும் தவறாமையைப் பற்றியே வாதிடுகிறார்கள். அன்றாடத்தில் கனமானது அதே சங்கம் உறுதிசெய்த இன்னொன்று: உலகின் ஒவ்வொரு மறைமாவட்டத்தின் (ஒரு பிஷப்பின் ஆளுகைப் பகுதி) மேலும் போப்புக்கு இருக்கும் நேரடியான, முழுமையான ஆளுகை அதிகாரம். பிஷப்பை நியமிப்பதும் மாற்றுவதும் ராஜினாமாவை ஏற்பதும் அதன் வழியாகத்தான் நடக்கின்றன.

அப்படியானால் போப்பை யார் கேட்க முடியும்?

சட்டப்படி யாரும் இல்லை. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, முதல் பீடம், அதாவது போப், யாராலும் தீர்ப்பிடப்படுவதில்லை என்கிறது. அவராக விலகலாம். பதினாறாம் பெனடிக்ட் 2013இல் விலகினார், அதற்கு முன் விலகியவர் 1415இல் பன்னிரண்டாம் கிரகோரி. மற்றவர்களுக்கு வயது வரம்பு உண்டு: மறைமாவட்ட பிஷப் 75 வயதில் ராஜினாமாவைச் சமர்ப்பிக்க வேண்டும், போப்பைத் தெரிந்தெடுக்கும் கர்தினால் 80 வயதானால் வாக்களிக்க முடியாது.

தேர்தல் முறைக்கு ஒரு கதை இருக்கிறது. 1268இல் போப் இறந்தபின் விட்டெர்போ நகரில் கூடிய கர்தினால்கள் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் இழுத்தடித்தார்கள். பொறுமையிழந்த நகரத்தார் அவர்களை மாளிகைக்குள் வைத்துப் பூட்டினார்கள். அந்த அனுபவத்தால்தான் 1274இல் லியோன் சங்கம், கர்தினால்களை அடைத்துவைத்துத் தேர்தல் நடத்தும் விதியைக் கொண்டுவந்தது. நாள் ஆக ஆக உணவையும் குறைக்கச் சொன்னது. 2025 மே மாதம் 133 கர்தினால்கள் கூடி இரண்டாம் நாளிலேயே பதினான்காம் லியோவைத் தெரிந்தெடுத்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும்.

ஆர்த்தடாக்ஸ் சபைகளுக்குப் போப் போல ஒருவர் உண்டா?

கிடையாது. கான்ஸ்டான்டினோபிள் முதுபெரும் தந்தை சமமானவர்களுள் முதல்வர், அவ்வளவே. ஒவ்வொரு சுயாட்சிச் சபையும் தன் தலைவரைத் தானே தெரிந்தெடுக்கும், தன் பிஷப்புகளின் சங்கத்தால் ஆளப்படும். திருமணமானவர் குருவாகலாம், பிஷப் ஆக முடியாது. ஒரே மனிதர் கையில் எல்லாம் குவியாதது நல்லதுதான். ஆனால் உக்ரைன் சபையின் சுயாட்சி பற்றிய தகராறில் 2018 அக்டோபரில் மாஸ்கோ சபை கான்ஸ்டான்டினோபிளோடு உறவை முறித்தபோது, இருவருக்கும் மேலே நின்று தீர்ப்புச் சொல்ல யாரும் இல்லை.

விசுவாசிகள் எல்லோரும் ஆசாரியர்கள் என்று லூத்தர் சொன்னாரே, பிறகு போதகர் எதற்கு?

1520இல் ஜெர்மானியச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் சொன்னது, ஞானஸ்நானம் பெற்ற எவரும் கடவுளுக்கு முன் குருவுக்குத் தாழ்ந்தவர் அல்ல என்பது. யார் வேண்டுமானாலும் பீடத்தில் ஏறிக்கொள்ளலாம் என்று அவர் சொல்லவில்லை. எல்லோருக்கும் உரிய வேலை என்பதால்தான், மற்றவர்களின் சம்மதமும் அழைப்பும் இல்லாமல் ஒருவர் அதை எடுத்துக்கொள்ளக்கூடாது என்றார்.

அதை நடைமுறை அமைப்பாக்கியவர்களில் முக்கியமானவர் இன்னொரு சீர்திருத்தவாதி ஜான் கால்வின். 1541இல் ஜெனீவாவின் சபை ஒழுங்கு நான்கு பணிகளை வகுத்தது: போதகர், வேத ஆசிரியர், மூப்பர், உதவிக்காரர். நகரத்தாரிலிருந்து எடுக்கப்பட்ட பன்னிரண்டு மூப்பர்கள் போதகர்களோடு சேர்ந்து வியாழன்தோறும் கூடி ஒழுக்க வழக்குகளைக் கேட்டார்கள். நடனமாடியவர், மனைவியை அடித்தவர், பிரசங்க நேரத்தில் விளையாடியவர் எல்லோரும் அங்கே நிற்க வேண்டியிருந்தது. ஜெனீவா என்றதும் இந்தக் கெடுபிடிதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அதே ஒழுங்கில் இன்னொரு விதியும் இருந்தது: மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதகர்கள் தங்களுக்குள் கூடி, ஒருவர் குறையை ஒருவர் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். சபையாரை விசாரிக்கும் பழக்கத்தை வாங்கிக்கொண்ட பலர், தங்களை விசாரிக்கும் இந்தப் பழக்கத்தை வாங்கிக்கொள்ளவில்லை.

பிரஸ்பிட்டேரியன் அமைப்பில் போதகர் தன் ஊர்ச் சபையின் மூப்பர் குழுவுக்குக் கட்டுப்பட்டவர் அல்ல, வட்டார அளவிலான பிரஸ்பிட்டரிக்குக் கட்டுப்பட்டவர். உள்ளூர்க் கோபத்தில் அவரைத் தூக்கி எறிய முடியாது, அவரும் தன் வழக்குக்குத் தானே நீதிபதி ஆக முடியாது. ஸ்காட்லாந்து திருச்சபையில் பொதுச் சங்கத்தின் தலைவர் ஓராண்டு மட்டுமே அந்தப் பொறுப்பில் இருப்பார். என் கணக்கில், தாளில் எழுதிய அமைப்புகளில் இதுதான் புத்திசாலித்தனமானது. என்ன, ஒரு முடிவெடுக்க எத்தனை கமிட்டிகளைத் தாண்ட வேண்டும் என்பதை அந்தச் சபையாரிடமே கேளுங்கள்.

சபையாரே வாக்களித்து முடிவெடுத்தால் அதிகாரத் துஷ்பிரயோகம் வராது அல்லவா?

வரும். வேறு வழியாக வரும். பாப்டிஸ்ட் முறையில் போதகரை அழைப்பதும் அனுப்புவதும் சபையாரின் வாக்கு. நான்கு குடும்பங்கள் சேர்ந்தால் நல்ல போதகரையும் குடும்பத்தோடு நடுத்தெருவில் நிறுத்திவிட முடியும். அதிகாரம் என்றால் போதகரின் அதிகாரம் மட்டும்தான் என்று நினைத்துவிடுகிறோம். காணிக்கை அதிகம் தருகிறவரின் அதிகாரம் எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை, எல்லாச் சபைகளிலும் இருக்கிறது.

இன்னொன்று, ஒவ்வொரு சபையும் சுயாட்சி என்பதால் ஒரு இடத்தில் நீக்கப்பட்டவர் அடுத்த ஊரில் போய் மேடை ஏறிவிடுகிறார். அமெரிக்காவின் தெற்கு பாப்டிஸ்ட் மாநாடு என்ற சபைக் கூட்டமைப்பைப் பற்றி 2022 மே மாதம் வெளியான விசாரணை அறிக்கை இதைத்தான் காட்டியது. பாலியல் குற்றம் சாட்டப்பட்ட போதகர்களின் பொதுப் பட்டியல் வேண்டும் என்று பாதிக்கப்பட்டவர்கள் கேட்டபோதெல்லாம், சுயாட்சிக் கொள்கை அதற்கு இடம் தராது என்று தலைமை அலுவலகம் பதில் சொன்னது. அதே அலுவலகத்தில் அப்படி ஒரு பட்டியல் பல ஆண்டுகளாக ரகசியமாகப் பராமரிக்கப்பட்டு வந்தது.

குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் வாக்கெடுப்பே நடத்துவதில்லை. மௌனமாகக் கூடி, பேசி, கூட்டத்தின் மனம் எங்கே நிற்கிறது என்று எழுத்தர் உணர்ந்து எழுதுவார், அதைக் கூட்டம் ஒப்புக்கொள்ள வேண்டும். பொறுமை உள்ளவர்களுக்கு ஏற்றது.

சபைத் தேர்தல்கள் அரசியல் தேர்தல்களாகிவிட்டன. வேறு வழியே இல்லையா?

374இல் மிலான் நகரில் பிஷப் இறந்து இரண்டு தரப்பு மோதிக்கொண்டபோது, அமைதி காக்க வந்த ஆளுநர் அம்புரோசைக் கூட்டமே பிஷப்பாகக் கூவி அழைத்தது. அவர் அப்போது ஞானஸ்நானம்கூடப் பெற்றிருக்கவில்லை. சில நாட்களில் ஞானஸ்நானம், அபிஷேகம் எல்லாம் முடிந்தது. பின்னாளில் தெசலோனிக்கேப் படுகொலைக்காகப் பேரரசர் தியோடோசியுசையே பகிரங்கமாக மனம்வருந்தவைத்தவர் அவர்தான். எல்லாக் கூட்டமும் இப்படி நல்ல ஆளைக் கூவி அழைக்கும் என்று நம்பத் தேவையில்லை. 325இல் நிக்கேயா சங்கம் புதிய பிஷப்பை மாகாணத்தின் மற்ற பிஷப்புகள், குறைந்தது மூன்று பேர் கூடி, ஏற்படுத்த வேண்டும் என்று விதித்தது.

எகிப்தின் காப்டிக் சபை இரண்டையும் இணைத்து மூன்றாவதாகச் சீட்டையும் சேர்த்தது. வாக்கெடுப்பில் முன்னிலை பெற்ற மூன்று பெயர்களைக் கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்து, கண்கட்டிய ஒரு சிறுவனை எடுக்கச் சொல்வார்கள். 2012 நவம்பர் 4 அன்று அப்படித்தான் இரண்டாம் தவாத்ரோஸ் அந்தச் சபையின் தலைவராக வந்தார். கடைசி முடிவு யார் கையிலும் இல்லை என்பதால் அதற்குப் பணம் செலவழித்துப் பயனில்லை. மற்றச் சபைகள் இதை ஏன் யோசிப்பதில்லை என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

போதகருக்குப் பின் அவருடைய மகன் பொறுப்பேற்பது தவறா?

மகன் என்பதால் தகுதி போய்விடாது, வந்தும்விடாது. யார் தீர்மானித்தார்கள் என்பதே கேள்வி. இரட்சணிய சேனை என்ற கிறிஸ்தவ அமைப்பின் வரலாறு இதற்கு நல்ல பாடம். அதன் ஸ்தாபகர் வில்லியம் பூத் தன் வாரிசின் பெயரை எழுதி உறையில் முத்திரையிட்டு வைத்திருந்தார். 1912இல் அவர் இறந்தபின் உறையைத் திறந்தார்கள். மூத்த மகன் பிராம்வெல்லின் பெயர் இருந்தது. பிராம்வெல்லும் அப்படியே அடுத்த பெயரை உறையில் வைக்கும் உரிமை பெற்றிருந்தார்.

அவர் நோயில் விழுந்த நிலையில், 1929இல் உலகெங்குமிருந்த மூத்த அதிகாரிகள் உயர் சங்கமாகக் கூடினார்கள். ஜெனரல் எனப்படும் தலைவர் பணிக்குத் தகுதியற்ற நிலையில் இருந்தால் நீக்க அந்தச் சங்கத்துக்கு உரிமை உண்டு என்ற விதி வில்லியம் பூத்தின் காலத்திலேயே எழுதப்பட்டிருந்தது. சங்கம் அவரை நீக்க வாக்களித்தபோது பிராம்வெல் நீதிமன்றத்துக்குப் போனார். அவர் தரப்பைக் கேட்டபின் சங்கம் மறுபடி வாக்களித்து அவரை நீக்கி, எட்வர்ட் ஹிக்கின்ஸைத் தெரிந்தெடுத்தது. அதன்பின் ஜெனரலைத் தெரிந்தெடுப்பது உயர் சங்கத்தின் வேலையாகிவிட்டது, உறை ஒழிந்தது. வாழ்நாள் முழுவதும் உழைத்த முதியவருக்கு அது கொடுமையான முடிவுதான். ஆனாலும், எல்லா அதிகாரத்தையும் தன் கையில் வைத்திருந்த ஸ்தாபகரே நீக்கும் விதியையும் எழுதி வைத்திருந்ததால்தான் அந்த அமைப்பு உடையாமல் தப்பியது.

கேள்வி கேட்டால் "அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே" என்கிறார்கள். வேதம் அப்படித்தானே சொல்கிறது?

அந்த வசனம் வரும் 105ஆம் சங்கீதத்தைத் திறந்து முன்னும் பின்னும் படியுங்கள். அங்கே பேசப்படுவது ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு என்ற முற்பிதாக்களின் சிறு கூட்டம். நாடு நாடாக அலைந்த, பலமில்லாத பரதேசிகள். அவர்களுக்குத் தீங்கு செய்யாதபடி ராஜாக்களைக் கடிந்துகொண்டார் என்பதே வசனம். அதிகாரத்தில் இருப்பவரிடமிருந்து எளியவரைக் காக்கச் சொன்ன வாக்கியத்தை, எளியவரின் கேள்வியிலிருந்து அதிகாரத்தில் இருப்பவரைக் காக்கப் பயன்படுத்துகிறார்கள்.

தாவீது சவுலைத் தொடவில்லை என்று அடுத்து வரும். உண்மை, கொல்லவில்லை. ஆனால் சவுலின் சால்வைத் தொங்கலை அறுத்து எடுத்துக்கொண்டு, குகைக்கு வெளியே வந்து, மூவாயிரம் பேரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்த ராஜாவைக் கூப்பிட்டு, நீர் எனக்குச் செய்வது அநியாயம் என்று உரக்கச் சொன்னார் (1 சாமுவேல் 24). அதே தாவீது அபிஷேகம் பெற்ற ராஜாவாக இருந்து பாவம் செய்தபோது, நாத்தான் வந்து நீயே அந்த மனுஷன் என்றார். அந்தியோகியாவில் பேதுருவைப் பவுல் முகமுகமாக எதிர்த்தார் (கலாத்தியர் 2). கை ஓங்குவது வேறு, கேள்வி கேட்பது வேறு.

எபிரெயர் 13:17 நடத்துகிறவர்களுக்குக் கீழ்ப்படியச் சொல்கிறதே?

சொல்கிறது. அவர்கள் கணக்கு ஒப்புவிக்க வேண்டியவர்கள் என்றும் அதே வசனம் சொல்கிறது. போதனையிலும் சபை ஒழுங்கிலும் கீழ்ப்படிவது வேறு, யாரைக் கட்டுவது, எந்த வேலைக்குப் போவது, எந்த ஊரில் குடியிருப்பது என்பதற்கெல்லாம் அனுமதி கேட்பது வேறு. 1970களில் அமெரிக்காவில் மேய்ப்பர் இயக்கம் என்ற ஒன்று பரவியது. ஒவ்வொரு விசுவாசிக்கும் தனி மேய்ப்பர், அவருக்கு மேலே இன்னொரு மேய்ப்பர், வாழ்க்கை முடிவுகளுக்கு அவருடைய ஒப்புதல். குடும்பங்கள் சிதைந்தன. அதை நடத்திய ஐவரில் ஒருவரான பாப் மம்ஃபோர்டு பிற்பாடு பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். பெயர் போய்விட்டது, பழக்கம் வேறு பெயர்களில் இன்னும் நடமாடுகிறது.

பெண்கள் தலைமை ஏற்கலாமா?

சபைகள் இதில் ஒரே பதில் சொல்வதில்லை. கத்தோலிக்கத் திருச்சபை பெண்களுக்குக் குருத்துவம் தர தனக்கு அதிகாரமே இல்லை என்று 1994இல் இரண்டாம் யோவான் பவுலின் மடலில் உறுதிப்படுத்தியது. ஆர்த்தடாக்ஸ் சபைகளும் பெண்களைக் குருக்களாக்குவதில்லை. ஆங்கிலிக்க உலகில் 1944இல் போர்க்கால நெருக்கடியில் ஃப்ளோரன்ஸ் லீ டிம் ஓய் முதல் பெண் குருவானார். 1989இல் அமெரிக்காவில் பார்பரா ஹாரிஸ் முதல் பெண் பிஷப். 1992இல் ஹாம்பர்கில் மரியா ஜெப்சன் லூத்தரன் பிஷப். தென்னிந்தியத் திருச்சபையில் 2013இல் புஷ்பலலிதா பிஷப்பானார்.

1 தீமோத்தேயு 2ஐ ஒரு தரப்பு எடுக்கும். பெபேயாள், பிரிஸ்கில்லாள், யூனியா ஆகியோரின் பெயர் நிற்கும் ரோமர் 16ஐ மறுதரப்பு எடுக்கும். ஒன்றை மட்டும் சொல்லலாம்: பதவி தராத சபைகளிலும் நோயாளியைப் பார்ப்பது, ஓய்வுநாள் பள்ளி நடத்துவது, காணிக்கைக்கு ஓடுவது எல்லாம் பெண்கள்தான். வேலையைக் கொடுத்துவிட்டுக் கமிட்டியில் நாற்காலியை மட்டும் மறுப்பதற்கு எந்த வசனத்தைக் காட்டுவார்களோ தெரியவில்லை.

காணிக்கைப் பணத்துக்குப் போதகர் கணக்குக் காட்ட வேண்டுமா?

வேண்டும். பவுல் எருசலேமின் ஏழைகளுக்குப் பணம் திரட்டியபோது தனியாகச் சுமந்துபோக மறுத்தார். சபைகள் தெரிந்தெடுத்த ஆட்களைக் கூட அனுப்பினார். கர்த்தருக்கு முன் மட்டுமல்ல, மனுஷருக்கு முன்பும் யோக்கியமாயிருக்க வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம் (2 கொரிந்தியர் 8). "கர்த்தருக்கு மட்டும்தான் நான் கணக்குக் கொடுப்பேன்" என்பவர்கள் பவுலைவிடப் பெரிய ஊழியர்கள் போலும்.

கத்தோலிக்கச் சட்டப்படி ஒவ்வொரு பங்கிலும் (உள்ளூர்ச் சபை) நிதிக்குழு இருந்தே ஆக வேண்டும். தனி ஊழியங்களுக்கு இப்படி மேலிருந்து கட்டாயப்படுத்த ஆள் இல்லை, தாங்களாகவே கட்டிக்கொள்ள வேண்டும். அமெரிக்கப் பிரசங்கியார் பில்லி கிரகாம் 1950இல் அட்லாண்டாவில் கூட்டம் நடத்தி முடித்தபோது, பணப்பைகளோடு நின்ற பணியாளர்களின் படத்தையும் கிரகாம் சிரித்தபடி விடைபெறும் படத்தையும் ஒரு செய்தித்தாள் பக்கத்தில் பக்கமாக அச்சிட்டது. காணிக்கையைப் பிரசங்கியாரே எடுத்துக்கொள்ளும் அன்றைய வழக்கத்தை அவர் அதன்பின் விட்டுவிட்டு, குழு நிர்ணயிக்கும் சம்பளத்துக்கு மாறினார். அமெரிக்காவில் 1979இல் உருவான சுவிசேஷ நிதிப் பொறுப்புணர்வுக் கழகம், உறுப்பினராகும் அமைப்புகளின் நிர்வாகக் குழுவில் பெரும்பான்மையினர் உறவினரோ ஊழியரோ அல்லாதவர்களாக இருக்க வேண்டும் என்கிறது.

போதகர் மேல் புகார் இருந்தால் எங்கே போவது?

குற்றமானால் முதலில் காவல்துறை. குழந்தையைத் தொட்டால், பெண்ணை வற்புறுத்தினால், பணத்தைத் திருடினால், சபைக்கூட்டம் முடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. மத்தேயு 18இல் உள்ள "முதலில் தனியே போய் அவனிடம் சொல்" என்ற வசனத்தைப் பாதிக்கப்பட்டவரிடம் நீட்டுகிறவர்கள் உண்டு. சகோதரர்களுக்குள் வரும் மனத்தாங்கலுக்கான வழி அது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையை, தன்னைத் துன்புறுத்தியவரின் அறைக்குத் தனியே அனுப்பும் வழியல்ல.

ஊழியர்களைப் பற்றித் தனியாகவே ஒரு விதி இருக்கிறது. இரண்டு மூன்று சாட்சிகள் இருந்தால் மூப்பர் மேல் வரும் குற்றச்சாட்டை ஏற்க வேண்டும், பாவம் செய்தவரை எல்லோருக்கும் முன்பாகக் கடிந்துகொள்ள வேண்டும் (1 தீமோத்தேயு 5). முதல் பாதியை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். இரண்டாம் பாதி வந்ததும் சபையின் மானம் என்பார்கள்.

மூடி மறைப்பதும் தலைமையின் குற்றமாகவே இப்போது பார்க்கப்படுகிறது. ஜான் ஸ்மைத் என்பவர் சிறுவர்களைக் கொடுமைப்படுத்தியதை அறிந்தபின்னும் போதிய நடவடிக்கை எடுக்கவில்லை என்று விசாரணை அறிக்கை சொன்னதால், இங்கிலாந்து திருச்சபையின் தலைமை பிஷப்பான கேன்டர்பரி ஆர்ச்பிஷப் ஜஸ்டின் வெல்பி 2024 நவம்பரில் பதவி விலகுவதாக அறிவித்தார். கத்தோலிக்கத் திருச்சபையில் 2019இல் அமெரிக்காவின் முன்னாள் கர்தினால் மெக்காரிக் பாலியல் குற்றங்களுக்காகக் குருத்துவ நிலையிலிருந்தே நீக்கப்பட்டார். அவ்வளவு உயரத்தில் இருந்தவர் பற்றி முணுமுணுப்பு பல பத்தாண்டுகளாக இருந்தது. முணுமுணுப்பைப் பதிவுசெய்ய ஒரு மேசை இல்லாமல் போனதன் விலை அது.

விழுந்த போதகர் மறுபடி ஊழியத்துக்கு வரலாமா?

மன்னிப்பு உண்டு. மேடை என்பது மன்னிப்பின் பகுதி அல்ல. பிள்ளைகளுக்குத் தீங்கு செய்தவருக்கு ஒருபோதும் வேண்டாம். மற்றவற்றில், முடிவெடுப்பவர் அவராகவோ அவர் நண்பராகவோ இருக்கக்கூடாது.

புதிய சபையில் சேருமுன் என்ன விசாரிக்க வேண்டும்?

சபையின் சட்டப் புத்தகத்தை ஒருமுறை காட்டச் சொல்லுங்கள். இல்லை என்றால் அதுவே பதில். இருந்தால், போதகரை நீக்கும் பிரிவு எந்தப் பக்கத்தில் என்று பாருங்கள். அவருடைய சம்பளத்தை யார் நிர்ணயிக்கிறார்கள், சொத்து யார் பெயரில் இருக்கிறது, கணக்கைத் தணிக்கை செய்பவர் வெளியாளா, கடைசியாக எப்போது வரவுசெலவு சபையாருக்கு வாசிக்கப்பட்டது என்று கேளுங்கள். முன்பு அங்கே இருந்து விலகிய இரண்டு பேரிடமும் பேசிப் பாருங்கள். உள்ளே இருக்கிறவர்கள் இருபது பேர் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள். அதில் கசப்பும் கலந்திருக்கும், அதைக் கழித்துக்கொண்டு கேட்க வேண்டும்.

சபையை விட்டு விலகினால் சாபம் வரும் என்று பயமுறுத்துகிறார்கள். வேறு சபையில் சேரத் தேவையான கடிதமும் தர மறுக்கிறார்கள். என்ன செய்வது?

அப்படி ஒரு சாபத்துக்கு வேதத்தில் இடமில்லை. சகோதரரை ஏற்றுக்கொள்ள விரும்பியவர்களைச் சபைக்குப் புறம்பாக்கிய தியோத்திரேப்புவைப் பற்றி யோவானின் மூன்றாம் நிருபம் சொல்கிறது. கண்டிக்கப்படுவது வெளியே போனவர்கள் அல்ல, முதன்மையாயிருக்க விரும்பிய அவர்தான். விலகுவதை எழுத்தில் கொடுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள். ஞானஸ்நான, திருமணப் பதிவுகளின் சான்றிதழைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள், அது சபையின் தயவு அல்ல. கடிதம் வராவிட்டாலும் ஞானஸ்நானம் செல்லாமல் போகாது. தண்ணீரால், பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் பெயரால் கொடுக்கப்பட்டிருந்தால் கத்தோலிக்கமும் பழைய சீர்திருத்தச் சபைகளும் பொதுவாக ஏற்றுக்கொள்கின்றன. குழந்தையாக இருந்தபோது பெற்றதென்றால் பாப்டிஸ்ட், பெந்தெகொஸ்தே சபைகள் மறுபடி எடுக்கச் சொல்லும். அது அவர்களுடைய உபதேசம், உங்கள் பழைய போதகரின் கோபத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.